புதுசா, படிக்காததா? அஞ்சல் அறிவிப்பு நிரல்களின் இரண்டு கணக்குகள்

திரையின் மூலையில் ஒரு சின்ன உறை ஐகான், அதன் மேல் 3 என்ற எண். அந்த மூன்று மடல்களையும் அரை மணி நேரம் முன்பே போனில் படித்தாகிவிட்டது. ஐகான் மட்டும் 3 என்றே சாதிக்கிறது. இது பெரும்பாலும் கோளாறு இல்லை, அந்த நிரல் கணக்கு வைக்கும் முறையே அப்படி.

மடல் வந்ததைச் சொல்லும் நிரல்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தன் ஞாபகத்தை நம்பும். மற்றது மடல்களை வைத்திருக்கும் சர்வரைக் கேட்டுச் சொல்லும்.

முதல் ரகம் பாப்3 (POP3) வழியில், அதாவது சர்வரிலிருந்து மடலை இறக்கிக்கொள்ளும் பழைய முறையில் வேலை செய்வது. 1996-இல் இன்றைய வடிவம் பெற்ற பாப்3 நெறிமுறையில் 'படித்தது' என்ற குறியே கிடையாது. ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாள எண்ணைச் சர்வர் கொடுக்கும், அவ்வளவுதான். நிரல் போன தடவை பார்த்த எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கூடுதலாக இருப்பதைப் 'புதுசு' என்கிறது. நீங்கள் வேறெங்கோ படித்தது அதற்குத் தெரிய வழியில்லை. அந்தக் கோப்பு அழிந்துபோனால் பெட்டியில் உள்ள பழைய மடல் எல்லாமே புதுசாகிவிடும். ஆனால் ஒரு நல்ல குணம்: எட்டிப் பார்க்குமே தவிர, சர்வரில் எதையும் மாற்றி வைக்காது.

இரண்டாவது ரகம் ஐமேப் (IMAP), மடலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை. இதில் படித்த குறி சர்வரிலேயே இருக்கிறது. போனில் திறந்தால் மேசைக் கணினியிலும் எண் குறையும். 1997-இல் சேர்ந்த ஐடில் வசதியால் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்க் கேட்க வேண்டாம், மடல் வந்ததும் சர்வரே சொல்லிவிடும். ஒரே நிபந்தனை, 29 நிமிடத்துக்குள் ஐடிலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாத நிரலின் இணைப்பு சத்தமில்லாமல் அறுந்துபோகும். ஐகான் 0 காட்டும், நாமும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதைவிட மோசமான வம்பு, மடலின் சில வரிகளை அறிவிப்பிலேயே காட்டும் முன்னோட்டத்தில் இருக்கிறது. ஐமேப்பில் மடலின் உள்ளடக்கத்தை வெறும் 'பாடி' என்று கேட்டால், சர்வர் அதைப் படித்ததாகக் குறித்துவிடும். 'பாடி.பீக்' என்று கேட்டால் குறி மாறாது. நான் முன்பு வைத்திருந்த ஒரு நிரல் வெறும் 'பாடி' என்று கேட்கும் வகை. தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் முன்னோட்டம் நான்கு விநாடி தலைகாட்டி மறைந்திருக்கிறது. இன்பாக்ஸில் அந்த மடலுக்குப் படிக்காததைக் காட்டும் தடித்த எழுத்து போய்விட்டது. பதில் போட வேண்டிய மடல் இரண்டு நாள் கண்ணில் படவே இல்லை. புது நிரல் எதுவானாலும் இப்போது முதலில் எனக்கு நானே ஒரு மடல் அனுப்பி, முன்னோட்டம் வந்து போன பிறகு போனில் அது இன்னும் தடித்தே இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

(யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய பழைய அறிவிப்பு நிரலான எக்ஸ்பிஃப்புக்கு (xbiff) இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. மடல்கள் சேரும் கோப்பு பெரிதானால் திரையில் உள்ள அஞ்சல் பெட்டிப் படத்தில் கொடி ஏறும், கிளிக் செய்தால் இறங்கும். எண்ணே இல்லை!)

என் ஓட்டு ஐமேப்புக்குத்தான், ஆனால் இரண்டு இடத்தில் தயங்குவேன். படிக்காத மடலை மலையாகக் குவித்து வைத்திருப்பவருக்கு 4,312 என்ற எண் 4,313 ஆனது கண்ணில் படாது. அவருக்கு வேண்டியது, கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு வந்தது எத்தனை என்ற கணக்கு. ஐமேப்பில் அதற்காக 'ரீசன்ட்' என்ற குறி ஒன்று இருந்தது. முதலில் பெட்டியைத் திறக்கும் நிரலுக்கு மட்டுமே அது உறுதி என்பதால், அறிவிப்பு நிரல் முந்திக்கொண்டால் அஞ்சல் நிரலுக்குக் கிடைக்காது. 2021-இல் வந்த புதிய பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். ஆகவே நல்ல நிரல், கடைசியாகப் பார்த்த மடலின் எண்ணைத் தானே நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்தவற்றில் படிக்காததை மட்டும் சர்வரிடம் கேட்கும்.

அப்புறம், நாலு பேர் ஒரே கணக்கில் நுழையும் பொதுப் பெட்டி. அங்கே ஒருவர் திறந்தால் மற்ற மூவரின் திரையிலும் எண் விழுந்துவிடும், எல்லாரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பெட்டிக்கு, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ஞாபகம் வைக்கும் அந்தப் பாப்3 நிரலையே போட்டுவிடுவேன்.