கொடுக்கும் மரமும் கேட்கும் மரமும்: மூன்று சிறுவர் கதைகள்

மரத்தை நடுவில் வைத்துச் சிறுவர்களுக்கு எழுதப்பட்ட கதைகளில் உலகெங்கும் பரவலாக வாசிக்கப்படுவனவற்றுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஷெல் சில்வர்ஸ்டீன் தாமே எழுதிப் படமும் வரைந்து 1964இல் வெளியிட்ட 'தி கிவிங் ட்ரீ'. அதற்கு எதிரே நிறுத்தத்தக்கவை இரண்டு: டாக்டர் சூஸ் 1971இல் வெளியிட்ட 'தி லோராக்ஸ்' என்ற படக்கதையும், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பௌத்த ஜாதகக் கதைத் தொகுதியில் 465ஆவதாக வரும் பத்தசால ஜாதகமும். மூன்றிலும் மரம் வெட்டப்படுகிறது, அல்லது வெட்டுக்கு நாள் குறிக்கப்படுகிறது. ஆகவே மரங்களை நேசிக்க வேண்டும் என்ற பொதுவான போதனையை ஒதுக்கிவிட்டு, வெட்ட வருபவனிடம் மரத்தின் தரப்பில் என்ன சொல்லப்படுகிறது என்பதைக் கொண்டு இவற்றை ஒப்பிடுவதே பொருத்தமாக இருக்கும்.

சில்வர்ஸ்டீனின் ஆப்பிள் மரம் எதையும் மறுப்பதில்லை. அதனிடம் வரும் சிறுவன் ஒருவன், சிறு வயதில் அதன் இலைகளால் முடி சூட்டிக்கொள்கிறான், கிளையில் ஊஞ்சலாடுகிறான், நிழலில் உறங்குகிறான். வளர்ந்தபின் பணம் வேண்டும் என்று வரும்போது பழங்களையும், வீடு வேண்டும் என்று வரும்போது கிளைகளையும், படகு வேண்டும் என்று வரும்போது அடிமரத்தையும் எடுத்துக்கொள்ளும்படி மரமே சொல்கிறது. கிழவனாகத் திரும்பி வருபவனுக்கு உட்கார அடிக்கட்டை மட்டும் எஞ்சியிருக்கிறது. இதைத் தாயன்பின் கதையாகச் சொல்வது பலருக்கு வழக்கம். மூலத்தில் மரம் பெண்பாலாகச் சுட்டப்படுவதும் அதற்கு இடங்கொடுக்கிறது. ஆனால் கதை கேட்கும் குழந்தை தன்னைப் பெரும்பாலும் அந்தச் சிறுவனாகவே எண்ணிக்கொள்ளும். அவனோ எந்தப் பக்கத்திலும் நன்றி சொல்வதில்லை. மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. அடிமரமும் போனபின், மரம் மகிழ்ச்சியடைந்தது என்று எழுதிய கையோடு, உண்மையில் அப்படியில்லை என்பதாகச் சில்வர்ஸ்டீன் ஒரு வரி சேர்க்கிறார். கதையின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. வாய்மொழியாகச் சுருக்கிச் சொல்லும்போது முதலில் விடுபட்டுப் போவதும் அதுதான்.

'தி லோராக்ஸ்' கதையில் மரங்கள் பேசுவதில்லை. அவற்றுக்காக வழக்காட லோராக்ஸ் என்ற, மீசை வைத்த ஒரு குட்டி உயிரினம் வருகிறது. ட்ரஃபுலா என்ற கற்பனை மரங்களை வெட்டி, அவற்றின் பட்டுக் குஞ்சங்களைக் கொண்டு பின்னல் ஆடை செய்து விற்கும் ஒன்ஸ்லரின் முகத்தைக் கதை முழுவதும் நாம் பார்ப்பதே இல்லை. பச்சை நிறக் கைகள் மட்டுமே தெரிகின்றன. பழம் கிடைக்காததால் ஓர் உயிரினமும், ஆலைப்புகையில் தொண்டை கட்டிக்கொள்வதால் பறவைகளும், கழிவு கலப்பதால் மீன்களும் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. மரம் ஒன்று விழுந்தால் வேறு எவையெல்லாம் விழும் என்பதைக் காரணகாரியத்தோடு காட்டுவதில் மற்ற இரு கதைகளும் இதனருகே வர இயலாது. கதை எவரையும் உறுத்தாமலும் இல்லை. மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த கலிஃபோர்னியாவின் லேட்டன்வில் என்ற சிற்றூரில், 1989இல் இதைப் பள்ளியின் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்க முயற்சி நடந்தது. முதற்பதிப்பில் வட அமெரிக்காவின் ஈரி ஏரியின் சீர்கேட்டைச் சுட்டும் வரி ஒன்றும் இருந்தது. ஏரி தேறிவருவதை அதன் கரையிலுள்ள ஓஹியோ மாநிலத்திலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துச்சொன்னபின் பிந்தைய பதிப்புகளில் அது நீக்கப்பட்டது. தன் வரி ஒன்று தேவையற்றுப் போவதைவிடப் பெரிய பரிசு ஒரு சிறுவர் நூலுக்குக் கிடைக்குமா என்பது ஐயமே. குறை என்னவென்றால், லோராக்ஸ் கண்டிக்கிறதே தவிர எதிராளியை அசைக்க முடிவதில்லை. கடைசி மரமும் விழுந்தபின், எஞ்சிய ஒற்றை விதையோடு முழுப் பொறுப்பும் கேட்கும் குழந்தையின் தலையில் வந்து விழுகிறது. ஐந்து வயதுக்கு அது பெரிய சுமை.

பத்தசால ஜாதகத்தில் காசி மன்னன் பிரம்மதத்தனுக்கு ஒற்றைத் தூணில் நிற்கும் அரண்மனை கட்ட ஆசை. அதற்கேற்ற மரமாக அரசத் தோட்டத்தில் மக்கள் வழிபடும் ஒரு சால மரத்தைத் தச்சர்கள் தேர்ந்தெடுத்து, அதற்குப் பூசை செய்து, வெட்டப்போகும் செய்தியையும் அறிவிக்கிறார்கள். அன்றிரவு மரத்தில் குடியிருக்கும் தேவன் மன்னனிடம் வந்து, வெட்டுவதானால் முதலில் உச்சியையும், பிறகு நடுவையும், கடைசியில் அடியையும் வெட்டும்படி வேண்டுகிறான். துண்டுதுண்டாக வெட்டுண்டு சாவது கொடிய வேதனையாயிற்றே, ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று மன்னன் வினவுகிறான். தன் நிழலில் தன் இனத்து இளமரங்கள் வளர்ந்திருக்கின்றன என்றும், ஒரேயடியாக அடியோடு சாய்ந்தால் அவை நசுங்கிவிடும் என்றும் விடை வருகிறது. மன்னன் மரத்தை விட்டுவிடுகிறான்.

ஆப்பிள் மரத்தைப்போலவே இதுவும் தன்னைக் கொடுக்க முன்வருகிறது. ஆனால் அந்தத் துன்பத்தைத் தன் குலத்துக்காக ஏற்கிறதே தவிர, எடுப்பவனை மகிழ்விப்பதற்காக அன்று. மரத்துக்கு வெட்டுபவனைத் தவிரவும் உறவுகள் உண்டு என்பதைக் குழந்தை இங்கே தெரிந்துகொள்கிறது. அதைவிட முக்கியமாக, 'ஏன்' என்று கேட்கும் பெரிய மனிதன் இந்தக் கதையில்தான் இருக்கிறான். சில்வர்ஸ்டீனின் சிறுவன் கேட்கவில்லை, ஒன்ஸ்லர் காதுகொடுக்கவில்லை. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் இதையே எடுப்பேன். அரண்மனை என்ன ஆயிற்று என்று குழந்தை கேட்டால் அங்கே சொல்பவர் சற்றுத் திணறத்தான் வேண்டும்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1844ஆம் ஆண்டு ஊசியிலை மரக்கதையை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. வளர்ந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வெயிலையும் காற்றையும் அனுபவிக்கத் தவறும் அந்த மரம், மரத்தின் உருவில் நிற்கும் மனிதனே. நற்றிணை 172ஆம் பாடலின் புன்னையோ வேறு: மணலில் அழுத்தி மறந்த விதை முளைத்ததும் சிறுமியர் நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்க, அது உங்கள் தங்கை என்கிறாள் தாய். பாடல் காதலர்களுடையது என்றாலும், குழந்தை மரத்துக்குக் கொடுக்கும் அந்த முன்பாதியைத் தனியே கதையாக்கிச் சொல்வதில் தவறில்லை.

எனவே சிறு குழந்தைகளுக்கு ஜாதகத்தையும் புன்னையையும் வாய்மொழியாகச் சொல்லலாம்; எட்டு வயதை ஒட்டி லோராக்ஸைப் படிக்கக் கொடுக்கலாம். 'தி கிவிங் ட்ரீ'யைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் படகு கேட்கும் பக்கத்தில் நிறுத்தி, மரம் மறுத்திருந்தால் அதன் அன்பு குறைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று கேட்டுவிட்டுத் தொடர வேண்டும்.