பாதிக் கட்டணச் சலுகையா, கவுன்சலிங் சீட்டா?

பொறியியல் படிப்புக்கு '50% ஸ்காலர்ஷிப்' என்று தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தால் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியாது. சரி, பாதி என்பது எதில் பாதி? பெரும்பாலும் டியூஷன் கட்டணத்தில் மட்டும்தான். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 4 லட்சம் 2 லட்சமாகும். ஹாஸ்டல், மெஸ் ஒன்றரை லட்சம் என்றால் நான்கு வருடத்துக்கு 14 லட்சம். சிஜிபிஏ (மதிப்பெண் சராசரி) இறங்கினால் சலுகை ரத்து என்ற நிபந்தனை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியிலோ அதோடு இணைந்த கல்லூரியிலோ கவுன்சலிங் சீட்டுக்கு, அதாவது அரசுக் கலந்தாய்வில் மதிப்பெண்படி கிடைக்கும் இடத்துக்கு, இந்தப் பளபளப்பு கிடையாது. ஆனால் கட்டணத்துக்கு அரசு வரம்பு உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் டியூஷனில் சலுகை, அதுவும் கவுன்சலிங்கில் சேர்ந்தால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5% ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சென்னையிலேயே வீடு என்றால், உதாரணத்துக்குப் பெரம்பூரிலிருந்து கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ உள்ள கல்லூரிக்குப் போய்வர ரயில் சீசன் டிக்கெட் போதும், ஹாஸ்டல் செலவே இல்லை.

மிச்சத்துக்குக் கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். 10 லட்சத்தை 10% வட்டியில் பத்து வருடம் அடைத்தால் மாதம் சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. மாதம் 40,000 வருமானமுள்ள வீட்டுக்கு நான் கவுன்சலிங் சீட்டைத்தான் சொல்வேன். கிடைத்த கல்லூரியில் பாதி வகுப்புக்கு ஆசிரியரே இல்லையென்றால் மட்டும், நான்கு வருடக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை யோசிக்கலாம்.