பி.பி. மாத்திரைக்குப் போன இடத்தில் பத்துக் கேள்வி

நான்கு மாதமாக எங்கள் ஊர்க் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்துக்கு (கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இப்போது இந்தப் பெயர்) போய்வருகிறேன். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். எனக்குத் தேங்காய் வியாபாரம், வயது 51. மருந்து கிடைக்கிறதா, கட்டடம் சுத்தமா என்றெல்லாம் எழுத வரவில்லை (கிடைக்கிறது, சுத்தம்தான்). அங்கே குடியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத்து.

முதல் நாள் பி.பி. 160க்கு 100. அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை 5 மில்லிகிராம் தினமும் போட்டும் இறங்கவில்லை. டோஸைக் கூட்ட பேனா எடுத்த டாக்டர், எழுதாமல் நிமிர்ந்து, "சேட்டன் கழிக்குமோ?" என்றார், அண்ணன் குடிப்பதுண்டா என்று. எல்லைக்காரனுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் கழித்தால் குறையும், மலையாளத்தில் கழித்தால் உள்ளே போகும். "எப்பவாவது" என்றேன். பச்சைப் பொய். பின்னால் வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறார், வேறென்ன சொல்ல? இதுதான் முதல் குறை. கேள்வி நல்ல கேள்வி, கேட்ட இடம் சரியில்லை. டாக்டர் அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, அடுத்த முறை நர்ஸ் அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே கதவு இருந்தது.

நர்ஸ் தமிழ்க்காரப் பிள்ளை. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க, பி.பி.க்கு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்" என்று ஆரம்பித்தது. அந்த 'எல்லார்கிட்டயும்' என்ற ஒரு வார்த்தையில் என் பாதிக் கூச்சம் போய்விட்டது. கஞ்சா, தூக்க மாத்திரை, புகையிலை என்று வேகமாகக் கேட்டுவிட்டு (மூன்றுக்கும் இல்லை என்றேன், அது நிஜம்) குடிக்கு வந்தது. பத்துக் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த ஆடிட் என்ற தாள். படிவம் மலையாளத்தில் இருந்ததால் அந்தப் பிள்ளையே வாயால் தமிழாக்கிக் கேட்டது. பாதிப் பேர் தமிழ் பேசுகிற ஊரில் ஒரு தமிழ்ப் படிவம் வைத்தால் என்ன? இது இரண்டாவது குறை.

வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை அளவு? அளவு என்றால் 10 கிராம் சாராயச் சத்து, அதாவது நம் கணக்கில் 30 மில்லி பெக். குவாட்டர் அடித்தால் ஆறு. நான் வாரம் மூன்று நாள் குவாட்டர்க்காரன். அப்போதே எட்டு மார்க் ஆகிவிட்டது. எட்டைத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடியாம். கள்ளுக்கு வந்தபோதுதான் தாள் தடுமாறியது. காலையில் இறக்கியது வேறு, சாயங்காலம் புளித்தது வேறு. சித்தூர்த் தோப்புக் கள்ளை எந்த மணிக்குக் குடித்தேன் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஞாயிற்றுக்கிழமையானால் பொள்ளாச்சி வண்டிகள் எல்லாம் எங்கள் ஷாப்பு வாசலில்தான் நிற்கும். இந்த ஊருக்கு என்று ஒரு கணக்கு வேண்டாமா? "பாட்டிலும் நேரமும் சொல்லுங்கண்ணா, நான் குத்துமதிப்பாப் போட்டுக்கறேன்" என்றது.

குடிச்சுக் காயம் பட்டதுண்டா? இரண்டு வருஷம் முன்னால் டிவிஎஸ் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தேன், இரண்டு மார்க். வீட்டில் யாராவது குறைக்கச் சொன்னார்களா? யாராவதா! நான்கு மார்க். மற்றக் கேள்விகளுக்கு விழுந்ததையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 18.

இருபதைத் தொட்டால் பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்களாம். மாவட்டத்துக்கு ஒன்று விமுக்தி என்ற அரசாங்கப் போதை மீட்பு மையம் இருக்கிறது. எனக்கு இங்கேயே பேசிப் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு முன்னால் நர்ஸ் பிள்ளை ஒன்றைத் திருப்பித் திருப்பிக் கேட்டது: "குடிக்காத நாள் காலையில கை நடுங்குமா?" நடுங்கும் ஆள் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றலும் வரலாம், மருந்து கொடுத்துத்தான் இறக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் சாமி மேல் சத்தியம் பண்ணி நிறுத்தி மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் போனது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் அதைச் சாமி குத்தம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்கு நடுக்கம் இல்லை. வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் தொடமாட்டேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். உடனே அந்தப் பிள்ளை, "அந்த 41 நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கண்ணா இருப்பீங்க?" என்றது. யோசித்தேன். கோயிலில், பஜனையில். மற்ற நாள் ஏழு மணிக்கு? லோடு ஏற்றிக் கூலி பிரிக்கிற இடத்தில். குடி அங்கேதான் தொடங்குகிறது. இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கூலியை மதியமே பிரித்துவிடுகிறேன்.

கோவையில் நர்ஸிங் படிக்கிற மகளிடம் சொன்னேன். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்படிப் பேசிக் குடியைக் குறைப்பதைச் செய்து பார்த்து 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டிருக்கிறார்களாம். ஆடிட்டில் 12 முதல் 19 வரை வாங்கிய ஆண்கள், அதாவது என் ஜாதி. பேசியவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நான்கு அமர்வு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பேசியவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆபத்தில்லாத அளவுக்கு வந்திருந்தார்கள், பேசாதவர்களில் 26. "இவ்வளவுதானா?" என்றேன். "அப்பா, நூறு தேங்காய்க்குப் பத்துத் தேங்காய் கூட வந்தா விட்டுடுவியா?" என்றாள். சரி, விடமாட்டேன்.

மூன்றாவது குறை, பேச வருகிற கவுன்சிலர் வாரத்தில் ஒரே நாள்தான் வருகிறார். அன்று லோடு விழுந்தால் போச்சு. எனக்கு நான்கில் இரண்டுதான் கிடைத்தது, மீதியை நர்ஸ் பிள்ளைதான் பி.பி. பார்க்கும்போது இரண்டிரண்டு நிமிஷமாகப் பேசி ஒப்பேற்றியது.

இப்போது பி.பி. 138க்கு 86. மாத்திரை அதே 5 மில்லிகிராம். குடி சனிக்கிழமை மட்டும், இரண்டு பெக். தீபாவளிக்கு வழுக்கியது, அதையும் சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டது, திட்டவில்லை. போகிறவர்கள் பத்து மணிக்குள் சீட்டு எடுத்துவிடுங்கள், முதலிலேயே நர்ஸ் அறையில் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தமிழ்ப் படிவம் வந்தால் நான்கு, அதில் கள்ளுக்கு ஒரு கட்டம் போட்டால் இன்னொரு அரை.