அப்பாவின் டிரங்குப் பெட்டியும் ஒரு பிளாட்பெட் ஸ்கேனரும்

அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அவர்கள் வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. கட்டில், மேசை, பாத்திரமெல்லாம் ஒரே வாரத்தில் கைமாறிவிட்டன. காகிதம்தான் அப்படியே கிடந்தது. பதினொரு ஆல்பம், டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள், ஒரு பை நெகட்டிவ். தூக்கிப்போட மனசு வரவில்லை, வைக்க இடமும் இல்லை. அதற்காகவே இந்த பிளாட்பெட் ஸ்கேனரை, அதாவது கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைத்து எடுக்கும் வகையை, வாங்கினேன். எட்டு மாதமாக ஓடுகிறது.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: படத்தைப் படிக்கும் சென்சாரில் இரண்டு வகை உண்டு, உள்ளே இருப்பது சிசிடியா, சிஐஎஸ்ஸா? மெல்லிசான மாடல்களில் பெரும்பாலும் சிஐஎஸ்தான். கண்ணாடியில் படிந்து கிடக்கும் தாளை அது நன்றாக எடுக்கும். தாள் கொஞ்சம் எழும்பினாலும் அந்த இடம் மங்கிவிடும். பழைய போட்டோ ஓரம் சுருளாமல் இருக்குமா? என்னுடையது சிசிடி. சுருண்ட படத்தை அழுத்தி உடைக்காமலே தெளிவாக எடுக்கிறது.

படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கடிதங்களுக்கு 300 வைத்தேன். 4x6 அங்குலப் படம் 600இல் 2400க்கு 3600 பிக்சல் வரும். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 26 எம்பி. பெரிதாக அச்சிடவும் தாராளமாகப் போதும்.

பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள்தான் பாடாய்ப் படுத்தின. படத்துக்கு அடியில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை நுழைத்து, மெதுவாக அறுப்பது போல இழுத்தால் பெயர்ந்து வரும். வராததை இழுக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்படிப் பெயர்த்த ஒரு படத்தின் பின்னால் அப்பாவின் கையெழுத்து, பென்சிலில்: "சிரிக்கவே மாட்டேன் என்றாள்." முன்பக்கத்தில் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை. அதுவரை இருநூறு படங்களின் பின்பக்கத்தைப் பார்க்காமலே விட்டிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன்.

குறைகளும் உண்டு. நெகட்டிவ் வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் தொளதொளவென்று இருக்கிறது, ஃபிலிம் நடுவில் தொய்கிறது. தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி கலர் நெகட்டிவில் அருமை. கறுப்பு வெள்ளையில் உதவாது. அந்த ஃபிலிமில் உள்ள வெள்ளியும் தூசியைப் போலவே அகச்சிவப்பை மறைத்துவிடுகிறது, இது எந்த மாடலுக்கும் பொருந்தும். கோப்புக்கு வெறும் எண்ணைத்தான் பெயராக வைக்கிறது. ஆண்டு, இடம், ஆள் பெயர் எல்லாம் நாமே உட்கார்ந்து போட வேண்டும். ஸ்கேன் செய்ததைவிட இதற்குத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

மங்கலானவை, இரட்டைப் படிகள், எந்த இடமென்றே தெரியாத மலைக்காட்சிகள் குப்பைக்குப் போய்விட்டன. பின்னால் எழுத்துள்ள படங்களையும் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்களையும் மட்டும் அமிலமில்லாத அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்திருக்கிறேன். கோப்புகள் மூன்று படி. அதில் ஒன்று தம்பி வீட்டில்.

ஐம்பது படம்தான் என்றால் யாரிடமாவது ஸ்கேனரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அடையாளம் தெரியாத முகங்கள் நாற்பது மிச்சமிருக்கின்றன. தனி ஃபோல்டரில் போட்டு, பெரிதாக்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அத்தை வருகிறார்.