நனையாத பை, அடங்காத ஆட்டம்

சைக்கிள் இருக்கைக்கு அடியில் கட்டும் 14 லிட்டர் பையின் வார் தையல் விட்டுப்போனது. இப்போதுதான் தைத்து வாங்கினேன். சரியாக இந்த நேரத்தில் நண்பர் ஒருவர், ஓரிரவுக் காட்டுப் பயணத்துக்கு இதே பையை வாங்கலாமா என்று கேட்கிறார். எடையும் துணியின் தரமும் அவருக்கே தெரியும். தெரியாதது இதன் ஆட்டம்.

தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மண்பாதையில் ஏற்றம் வந்து, எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் தொடங்கும். சைக்கிள் இடப்புறம் சாய்ந்து வலப்புறம் திரும்பும் நேரத்தில் பை இன்னும் இடப்புறமே போய்க்கொண்டிருக்கும். முன்முனை மட்டும் இருக்கைக் கம்பிகளிலும் இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டிலும் கட்டப்பட்டிருக்க, மீதி முழுவதும் பின்னால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? சரளைக் கற்களில் பின்சக்கரம் ஏற்கெனவே பிடிமானம் தேடும் வேளையில் இந்த இழுப்பும் சேர்ந்தால் எரிச்சல் தலைக்கேறுகிறது. குலுக்கலில் வார் மெல்ல மெல்லத் தளரும். இறுக்குவேன்; அடுத்த இறக்கம் முடிவதற்குள் மறுபடி தளர்ந்திருக்கும்.

குறைக்க வழிகள் உண்டு. கருவிகள், மாற்று டியூப் போன்ற கனமானவற்றைச் சைக்கிள் சட்டத்தின் நடுவே மாட்டும் வேறொரு பைக்கு மாற்றிவிட்டேன். இதில் ஸ்லீப்பிங் பேக்கும் உடைகளும் மட்டும்தான். அவற்றையும் முன்முனையில் இடைவெளி இல்லாமல் திணித்து, காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே வாயைச் சுருட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் பாதி ஆட்டம் அடங்கும். ஆனால் விடியற்காலைக் குளிருக்கு உள்ளிருந்த மேல்சட்டையை எடுத்து அணிந்துகொண்டால் பை தொளதொளக்கும், ஆட்டம் திரும்பிவிடும். ஓரிரவுப் பயணத்தில் இரண்டாம் நாள் காலை எப்போதும் இப்படித்தான். இதோடு வெல்க்ரோ பட்டைக்கு அடியில் புகும் புழுதி, உப்புத்தாள் தேய்த்ததுபோல் சீட் போஸ்டின் பூச்சை உரித்துவிட்டது. கார்பன் சீட் போஸ்ட் வைத்திருப்பவர்கள் முதல் நாளே பாதுகாப்புப் படலம் ஒட்டிவிட வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இரவெல்லாம் மழை பெய்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கியதில்லை. இறகு நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் வெப்பம் காக்காது. அதை இந்தப் பையை நம்பித்தான் கொண்டுபோகிறேன். பக்கவாட்டுப் பைகளைப் போலப் புதரில் சிக்காது. விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் சைக்கிளைத் தூக்கிக் கடத்தும்போது இடைஞ்சல் செய்யாது. கேரியரே இல்லாததால் திருகு கழன்று கடகடக்கும் சத்தமும் இல்லை. காட்டுப்பாதையில் அந்த அமைதி எனக்குப் பெரிய வரம். கற்களும் வேர்களும் நிறைந்த எத்தனையோ இறக்கங்களைப் பார்த்த பிறகும் துணியில் ஒரு கிழிசல் இல்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். பையைத் தாங்கும் உலோகச் சட்டம் உள்ள வகையைப் பாருங்கள்; எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எதை வாங்குவதானாலும் முதலில் இருக்கைக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்புறச் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் என்றால், அது முழுவதும் அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். பை டயரில் உரசினால் எவ்வளவு உறுதியான துணியும் ஒரே இறக்கத்தில் தேய்ந்துபோகும்.