இன்காய்ஸ் கடல் அறிவிப்புச் சேவை: கரையூர் ஒலிபெருக்கிக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

மீனவர் ஊரில் பொழுது விடியுமுன் தெரிய வேண்டிய முதல் செய்தி, கடல் எப்படி இருக்கிறது என்பதுதான். ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதைக் கட்டணம் இல்லாமல் தருகிறது. சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள். இணையதளத்திலும் சமுத்ரா செயலியிலும் பார்க்கலாம். கணிப்பு நம்பிப் பயன்படுத்தத் தக்கது. ஆனால் வந்தபடியே ஆலய ஒலிபெருக்கியிலோ ஊர்ப் பலகையிலோ போட்டால் பாதி பேருக்குப் புரியாது, மீதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஊர்க்கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

முதலில் மீன் கூடும் இடங்களைப் பற்றிய அறிவிப்பு. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் மீன் கூட வாய்ப்பு உண்டு என்று சொல்கிறார்கள். படகிலோ ஆழத்தைப் பாகத்திலும் தூரத்தைக் கடல் மைலிலும்தான் பேசுவார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 36 மீட்டர் என்று வந்தால் 20 பாகம் என்றும், 40 கிலோமீட்டர் என்றால் இருபத்தொன்றரை மைல் என்றும் எழுதிப்போட வேண்டும்.

நேற்றைய அறிவிப்பை இன்று படித்துப் போனால் டீசல்தான் வீண். மீன் கூடுவது குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லையில்; அந்த எல்லை நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அதனால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அறிவிப்பு அடிக்கடி விடுபடும். சாளை, அயிலை, சூரை போல மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது உதவும். அடிமட்டத்தில் இழுக்கும் இறால் மடிவலைக்கு இதை நம்பிப் போவதில் பொருளில்லை. கரையோரம் வலை போடும் சின்ன வள்ளங்களுக்கும் இருபது மைலுக்கு அப்பால் உள்ள இடம் கணக்கில் வராது.

இந்தச் சேவை உண்மையிலேயே உயிர் காப்பது கள்ளக்கடல் எச்சரிக்கையில். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே காற்றே இல்லாமல் வெயில் காயும்போது, தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல்காற்றின் அலை நம் கரைக்கு வந்து ஏறும்; அதுதான் கள்ளக்கடல். பதினாறு விநாடிக்கு ஒன்றாக வரும் அப்படிப்பட்ட அலைக்கூட்டம், ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்தில், நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் நகர்கிறது. வந்துசேர நாட்கள் ஆவதால்தான் முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

எச்சரிக்கையைப் படிப்பவர் இங்கேதான் இடறுகிறார். குமரி மாவட்டத்துக்கு, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று வரும் கள்ளக்கடல் எச்சரிக்கையில் அலை உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு முன்பின்னாகவே இருக்கும். “ஒரு மீட்டர்தானே, ஆடி மாதத்தில் இதைவிடப் பெரிய அலை பார்த்திருக்கிறோம்” என்று தோன்றும். பார்க்க வேண்டியது உயரத்தை மட்டுமல்ல, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரத்தையும்தான். ஆறு விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறக்குறைய 56 மீட்டர். பதினாறு விநாடி அலைக்கு அது 400 மீட்டர். உயரம் ஒன்றே ஆனாலும் பின்னதில் கரைக்கு வரும் தண்ணீரும் விசையும் பல மடங்கு. ஆழம் குறையக் குறைய அலை எழும்பி, மணல்மேட்டைத் தாண்டி உள்ளே ஓடி, திரும்பும்போது நிற்பவரின் காலை வாரி இழுக்கும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அதற்கு முன்பே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. கரையில் நின்றவர்களின் காதுக்கு அது போகவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அறிவிப்பில் வரும் உயரமும் சராசரிதான்: உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. நடுவே வரும் தனி அலை ஒன்று கிட்டத்தட்ட இரு மடங்கு உயரம் எழலாம். இதை ஒவ்வொரு ஊர்ப் பலகையின் அடியிலும் நிரந்தரமாக எழுதி வைக்கலாம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் இந்த நாட்களில் மீன் இட அறிவிப்பும் நின்றுவிடும். பார்க்க எதுவுமில்லை என்று பல ஊர்களில் பலகையையே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இது சரியில்லை. நாட்டுப்படகும் பைபர் படகும் அப்போதும் கரையிலிருந்துதான் இறங்குகின்றன, கோடை விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் கடலில் குளிக்க வருகிறது, கள்ளக்கடலும் அதே மாதங்களில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. புயல் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. “குமரிக்கடல், மன்னார் வளைகுடா” என்று பகுதி சொல்லி, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று வரும். அலைக்கு இன்காய்ஸ், காற்றுக்கு வானிலை மையம் என்று இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணையும் விளக்கிச் சொல்வது நல்லது: 1, 2 என்றால் ஆபத்து தொலைவில், 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

சேவையின் பெரிய ஓட்டை, கரையைத் தாண்டியவரை எட்டாததுதான். செல்போன் சிக்னல் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்தவர்களுக்குச் செய்தி கிடைக்காத கொடுமை இதனால்தான். அதன்பின் 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். ஆனால் அது ஒருவழிக் கருவி. ஆபத்து என்று படகிலிருந்து திருப்பிச் சொல்ல முடியாது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

கரைக்குள் ஒலிபெருக்கியை மிஞ்ச ஒன்றுமில்லை. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் செயலிகள் வருவதற்கு வெகுமுன்பே அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4இல் மீனவர்களுக்காகவே பேசுகிறது. இப்படி ஒரு குரல் இருக்கும் ஊரில்தான் இன்காய்ஸ் சேவைக்கு முழுப்பயன்.

வாசிக்கும்போது “இன்று”, “நாளை” என்று மட்டும் விடக் கூடாது. அறிவிப்பில் நேரம் 5.30, 11.30 என்று வரும். கிழமையும் காலை, இரவும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி: “வியாழக்கிழமை பகல் பதினொன்றரையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கள்ளக்கடல். காத்து இருக்காது, அலை கரையேறும். வள்ளம், எஞ்சின், வலை எல்லாத்தையும் மேட்டுல ஏத்துங்க. துறைமுகத்துல கட்டுன படகுகளுக்கு நடுவுல இடம் விடுங்க. பிள்ளைங்கள கடற்கரைக்கு விடாதீங்க.” எச்சரிக்கை விலகியதும் அதையும் அறிவித்து, பலகையை அழிக்க வேண்டும். மூன்று நாள் பழைய எச்சரிக்கை தொங்கும் பலகையை அடுத்த முறை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.