கிரிப்டோ வரியில் ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் உங்கள் பான் எண்ணைக் கொடுக்கும் முன்

கிரிப்டோ வாங்கி விற்றவர்கள், அந்தக் கணக்கை வருமான வரி ரிட்டர்னில் காட்டச் சொல்லி வெளியாட்களிடம் கொடுத்தவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் டெலிகிராம் குழுக்கள் மூலம் ஆள் பிடிக்கும் ஓர் அலுவலகம் எனக்குச் செய்ததைத்தான் எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். அதை வைத்தே உங்களுக்கு ரிட்டர்ன் போட்டவரும் அதே ரகமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். சம்பளத்துக்கான வரியை நிறுவனமே பிடித்துவிடும். 2023-24 நிதியாண்டில் கிரிப்டோ வாங்கி விற்கும் உள்ளூர் தளம் (எக்ஸ்சேஞ்ச்) ஒன்றில் சில கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்றேன். புரிவதற்கு எளிதாக முழு எண்களாகவே சொல்கிறேன். லாபத்தில் விற்றவற்றில் கிடைத்த லாபம் 1,80,000 ரூபாய். நஷ்டத்தில் விற்றவற்றில் போனது 1,50,000. கையில் உண்மையில் மிஞ்சியது 30,000. விற்ற தொகை மொத்தம் ஏறக்குறைய ஒன்பது லட்சம் என்பதால், அதில் ஒரு சதவீதம், அதாவது 9,000 ரூபாயை எக்ஸ்சேஞ்ச் டிடிஎஸ்ஸாக (விற்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்து அரசுக்குக் கட்டியிருந்தது.

டெலிகிராம் குழுவில் இருந்த ஒருவர் அந்த அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்தார். ஆடிட்டர் ஆபீஸ் என்றுதான் சொன்னார்கள். பேசியவர் இளைஞர், நல்ல மரியாதை. “பேங்க்குக்கு வராத காசுக்கு வரியே இல்லீங்ணா. லாபத்தையும் நஷ்டத்தையும் கழிச்சு, செலவையும் போட்டா ஒண்ணும் நிக்காது. பிடிச்ச டிடிஎஸ் முழுசா திரும்ப வாங்கித் தர்றேன்” என்றார். கட்டணம் 1,500, அதோடு ரீஃபண்டில் ஐந்தில் ஒரு பங்கு. எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கிய வர்த்தக அறிக்கை, ஃபார்ம் 16, பான், ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். வருமான வரி இணையதளத்தின் பாஸ்வேர்டையும் கேட்டார். எல்லா வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான் வாங்குவதாகச் சொன்னார். கடைசியில் ஆதார் ஓடிபியைப் போனில் கேட்டு சரிபார்ப்பையும் முடித்தார். எனக்கு வந்தது ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு மட்டும். சில வாரங்களில் 9,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. அவர் பங்கான 1,800-ஐ அன்றே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஒப்புகைச் சீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் மொத்த வருமானம், கட்டிய வரி, திரும்ப வரவேண்டிய தொகை என்று கூட்டுத்தொகைகள் மட்டுமே இருக்கும். கிரிப்டோவை எந்தத் தலைப்பில் காட்டினார்கள், காட்டினார்களா இல்லையா என்பது அதில் தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் ஐடிஆர் என்னும் ரிட்டர்ன் படிவத்தின் முழு பிடிஎஃப் வேண்டும். பல பக்கங்கள் இருக்கும். அதைத் தராமல் ஒற்றைப் பக்கத்தோடு ஒருவர் நிறுத்தினால், அப்போதே கேளுங்கள்.

2025-இல் வீட்டுக் கடனுக்கு வங்கி ரிட்டர்ன் நகல் கேட்டது. இணையதளத்தில் நுழையப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருந்தது. நெட் பேங்கிங் வழியாக உள்ளே போனேன். புரொஃபைலில் என் மின்னஞ்சல் இல்லை, என் கைப்பேசி எண்ணும் இல்லை. இரண்டும் அந்த அலுவலகத்துடையவை. கிரிப்டோ விற்பனை ரிட்டர்னில் காட்டப்படவில்லை, சரிபார்த்துத் திருத்துங்கள் என்று வருமான வரித்துறை அனுப்பிய செய்தி அங்கேதான் போயிருக்கிறது. அவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2025 ஜூனில் கிரிப்டோ வருமானத்தைக் காட்டாத ஆயிரக்கணக்கானவர்களுக்குத் துறை இப்படி மின்னஞ்சல் அனுப்பியது செய்திகளிலேயே வந்தது. அடுத்த மாதம், ஜூலை 14 அன்று, பொய்க் கழிவுகள் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தினார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. இவர்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்கள் தொடங்கி, பிறகு கைவிட்டுவிடுவதால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று நேரடி வரிகள் வாரியத்தின் அறிக்கையே சொல்கிறது. எனக்கு நடந்தது அதேதான்.

அப்புறம் ஈரோட்டில் ஒரு சிஏ (பட்டயக் கணக்காளர்) அம்மாவிடம் போனேன். ரிட்டர்னின் முழு பிடிஎஃப்பைத் திறந்து வரி வரியாகக் காட்டினார். கிரிப்டோ போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளுக்கென்றே ‘ஷெட்யூல் விடிஏ’ என்று தனி அட்டவணை 2023-24 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2022-23 நிதியாண்டுக்கான ரிட்டர்னிலிருந்து, இருக்கிறது. என் ரிட்டர்னில் அது காலி. பதிலாக, குறுகிய கால மூலதன ஆதாயத்தில் ‘பிற சொத்துகள்’ என்று போட்டு, லாபத்தில் நஷ்டத்தைக் கழித்து, மீதி 30,000-க்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், இணையச் செலவு, எப்போது வாங்கலாம், விற்கலாம் என்று சொல்லும் சிக்னல் குழுவுக்கான சந்தா என்று செலவு எழுதி, பூஜ்ஜியமாக்கியிருந்தார்கள்.

சட்டம் சொல்வது வேறு. 2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்து, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஎச் பிரிவு. கிரிப்டோ விற்ற லாபத்துக்கு நேராக 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் தீர்வை. உங்கள் சம்பளம் எந்த வரம்பில் இருந்தாலும் இதுதான் விகிதம். வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. அட்டவணையில் நஷ்டம் வந்த வரிசை பூஜ்ஜியமாகிவிடும், லாபம் வந்த வரிசை அப்படியே நிற்கும்.

ஆகவே என் வரி 30,000-க்கு அல்ல, 1,80,000-க்கு. அதில் 30 சதவீதம் 54,000, செஸ் 2,160, மொத்தம் 56,160 ரூபாய். முப்பதாயிரம் மிஞ்சியவன் ஐம்பத்தாறாயிரம் வரி கட்ட வேண்டும். இந்தச் சட்டம் கொடுமையானது என்றே நினைக்கிறேன். பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவர் அதைக் கழிக்கலாம், எட்டு ஆண்டுகள் எடுத்துப் போகலாம். கிரிப்டோவில் நஷ்டப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் சட்டம் மாறும் வரை கணக்கு அதன்படிதான். இதைத் தெரிந்துகொண்டே என்னிடம் வேறு மாதிரி சொல்லிக் காசு வாங்கினார்கள் என்பதுதான் என் கோபம். கிரிப்டோ வரியில் நிபுணர் என்று விளம்பரம் செய்பவருக்கு 115பிபிஎச் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

“பேங்க்குக்கு வராத காசுக்கு வரி இல்லை” என்று அவர் சொன்னதும் பொய். ரூபாயாக மாற்றினால்தான் விற்பனை என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். பிட்காயினைக் கொடுத்து யுஎஸ்டிடி என்னும் டாலர் மதிப்பு நாணயத்தை வாங்கினாலும் அது பிட்காயினை விற்றதாகத்தான் கணக்கு. அந்த நாள் மதிப்பில் லாபம் இருந்தால் வரி உண்டு, அதற்கும் டிடிஎஸ் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு இதில்தான் பெரிய தொகை ஒளிந்திருக்கும்.

துறைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: அந்த ஒரு சதவீத டிடிஎஸ்தான் சொல்கிறது. அதே 1961 சட்டத்தின் 194எஸ் பிரிவின்படி 2022 ஜூலை 1 முதல் எக்ஸ்சேஞ்சுகள் இதைப் பிடிக்கத் தொடங்கின. ஒவ்வொரு பிடித்தமும் உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் என்னும் டிடிஎஸ் அறிக்கையிலும் ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் பதிவாகிறது. 9,000 ரூபாய் டிடிஎஸ் என்றால் ஒன்பது லட்சத்துக்கு விற்றிருக்கிறார் என்று கணினிக்குத் தெரியும். ரிட்டர்னில் அந்த டிடிஎஸ்ஸைத் திரும்பக் கேட்டுவிட்டு அட்டவணையைக் காலியாக விட்டால், காட்டிக்கொடுப்பது அந்த ரிட்டர்னேதான். எனக்கு வாங்கித் தந்த ரீஃபண்ட் அப்படித்தான் என்னை மாட்டவைத்தது.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் செய்தால் தெரியாது என்றும் அந்த அலுவலகம் குழுவில் சொல்லிக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவு பைனான்ஸ் (Binance), குகாயின் உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதையும், அடுத்த மாதம் அவற்றின் செயலிகள் இந்தியாவில் முடக்கப்பட்டதையும் பார்த்த பிறகும் இதைச் சொல்கிறார்கள். அங்கே டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லாமல் போகாது. வெளிநாட்டில் வைத்திருக்கும் சொத்துகளைக் காட்ட ‘ஷெட்யூல் எஃப்ஏ’ தனியாக இருக்கிறது. அதை மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறது. இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்த இளைஞரிடம் கேட்டேன். முதலில், “எல்லாருக்கும் இப்படித்தாங்ணா போட்டிருக்கோம், யாருக்கும் பிரச்சினை வரல” என்றார். செய்தி உங்கள் மின்னஞ்சலுக்குத்தானே வந்தது என்றேன். நோட்டீஸுக்குப் பதில் போடத் தனிக் கட்டணம் ஆகும் என்றார். ஷெட்யூல் விடிஏ ஏன் காலி என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு என் எண் பிளாக். அவருடைய பெயரை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் அந்த சிஏ அம்மா தேடிப் பார்த்தார். அப்படி ஓர் உறுப்பினரே இல்லை. சிஏவாக இருந்திருந்தால் கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் புகார் அனுப்பியிருக்கலாம். அந்த வழியும் அடைபட்டுப்போனது. நம் ஊரில் ரிட்டர்ன் போடும் எவரையும் ஆடிட்டர் என்றே கூப்பிடுகிறோம். கூப்பிடுங்கள், தவறில்லை. ஆனால் காசு கொடுக்கும் முன் உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

திருத்துவதற்கு எனக்கு மிஞ்சியது ஐடிஆர்-யு என்னும் புதுப்பித்த ரிட்டர்ன். திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. கட்ட வேண்டிய வரி 56,160-இல் எக்ஸ்சேஞ்ச் பிடித்த 9,000 போகும், ஆனால் ரீஃபண்டாக வாங்கிய 9,000-ஐத் திருப்ப வேண்டும். எனவே மறுபடி 56,160. அதற்கு 2024 ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீத வட்டி. எல்லாவற்றின் மேலும் 25 சதவீதக் கூடுதல் வரி. மொத்தம் எண்பதாயிரத்தைத் தாண்டியது. முதலிலேயே நேராகப் போட்டிருந்தால் 47,160 ரூபாயோடு முடிந்திருக்கும். துறையே கண்டுபிடித்து மறுமதிப்பீட்டுக்குப் போயிருந்தால், தவறாகக் காட்டியதற்கு அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம் போட 270ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. ரிட்டர்னுக்குப் பொறுப்பு பான் வைத்திருப்பவர்தான். யார் டைப் செய்தார் என்று சட்டம் கேட்காது.

கூடுதலாகக் கட்டிய தொகையையும் அவர்கள் வாங்கிய கட்டணத்தையும் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஜிபே ரசீது, புரொஃபைலில் அவர்கள் எண் இருந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்திருக்கிறேன். அதே அலுவலகத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்களிடம் இருப்பதை அழிக்காமல் வையுங்கள். ஆளுக்கொரு மனுவாகப் போட்டாலும் ஆணையம் ஒரே மாதிரியான ஏமாற்று என்று பார்க்க வாய்ப்பு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது இது. இன்றே இணையதளத்தில் நுழைந்து புரொஃபைலில் உங்கள் மின்னஞ்சலும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏஐஎஸ்ஸில் 194எஸ் பதிவுகளை எடுத்து, ரிட்டர்னின் முழு பிடிஎஃப்பில் ஷெட்யூல் விடிஏவோடு ஒப்பிடுங்கள். ஐடிஆர்-1 அல்லது ஐடிஆர்-4 போட்டிருந்தால் ஒப்பிடவே வேண்டாம், அவற்றில் கிரிப்டோவைக் காட்ட முடியாது. ஐடிஆர்-2 அல்லது ஐடிஆர்-3 தான் வேண்டும். 2024-25 நிதியாண்டின் ரிட்டர்னில் தவறு இருந்தால், 2025 டிசம்பர் 31 வரை இந்தக் கூடுதல் வரி இல்லாமல் திருத்திய ரிட்டர்ன் போட முடிந்தது. ஐடிஆர்-யு போட்டால் கூடுதல் வரி 2023-24-க்கு 2026 மார்ச் 31 வரை 25 சதவீதம், அதைத் தாண்டினால் 50. 2022-23-க்கு 2025 மார்ச் 31-ஐத் தாண்டியதும் 50 ஆகிவிட்டது, 2026 மார்ச் 31-ஐத் தாண்டினால் 60. மதிப்பீடு தொடங்கி நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காதீர்கள்.